பாட்டிகிட்ட கதை கேட்கும்போது போனை எங்க வெக்கறது? – வாசகர் கேள்வி பதில்

போன இதழ்ல, வீட்டுப் பெரியவங்க சொன்ன பழைய கதைகளைக் குழந்தைகளுக்காகச் சேர்த்து வெக்கறவங்க இருந்தா எழுதுங்கன்னு ஒரு வரி போட்டிருந்தேன், இவ்வளவு கடிதம் வரும்னு நினைக்கவே இல்ல. பாதிப் பேர் ஒரே கேள்வியைத்தான் கேட்டிருக்கீங்க, அதனால அதையே முதல்ல எடுத்துக்கறேன்.

கேள்வி: அக்கா, எங்க பாட்டிக்கு 81 வயசு. சின்ன வயசுல எனக்கு அவ்வளவு கதை சொன்னவங்க. இப்ப என் பொண்ணுக்காக அதையெல்லாம் ரெக்கார்ட் பண்ணலாம்னு போனை முன்னாடி வெச்சு "சொல்லுங்க பாட்டி"ன்னா, "எனக்கு என்னடி கதை தெரியும், எல்லாம் மறந்துபோச்சு"ங்கறாங்க. நிஜமாவே மறந்துட்டாங்களா? என்ன பண்றது?

பதில்: முதல்ல உங்களுக்கு ஒரு கதை சொல்றேன், ஏ.கே.ராமானுஜன் தொகுத்த கன்னடக் கதை. ஒரு பொம்பளைக்கு ஒரு கதையும் ஒரு பாட்டும் தெரியும், ஆனா அவ யாருக்குமே சொன்னதில்ல, உள்ளயே பூட்டி வெச்சிருந்தா. உள்ள கிடந்து கிடந்து ரெண்டுக்கும் மூச்சு முட்டுது. ஒரு நாள் அவ வாயைத் திறந்துட்டுத் தூங்கறப்ப கதை வெளிய குதிச்சு ஒரு ஜோடி செருப்பா மாறி வாசல்ல உக்காந்துக்குது, பாட்டு ஒரு ஆம்பளைக் கோட்டா மாறி ஆணியில தொங்குது. புருஷன் வந்து பாக்கறான், யார் செருப்பு இது, யார் கோட்டுங்கறான், எனக்கு எப்படித் தெரியும்ங்கறா அவ. பெரிய சண்டை. அவன் கோவிச்சுக்கிட்டு அனுமார் கோயில்ல போய்ப் படுத்துக்கறான். அந்த ஊர்ல ராத்திரி விளக்கை அணைச்சதும் எல்லா வீட்டுச் சுடரும் அந்தக் கோயில்ல வந்து கூடிப் பேசுமாம். இவங்க வீட்டுச் சுடர் மட்டும் அன்னிக்கு லேட்டா வருது, ஏன் லேட்டுன்னு மத்ததெல்லாம் கேக்க, அது நடந்ததை அப்படியே சொல்லுது. படுத்துக்கிட்டே கேட்டவனுக்குச் சந்தேகம் தீர்ந்துபோய் வீட்டுக்கு ஓடி, உனக்குத் தெரிஞ்ச அந்தக் கதை என்ன, பாட்டு என்னன்னு கேக்கறான். "எந்தக் கதை? எந்தப் பாட்டு?"ங்கறா அவ.

உங்க பாட்டி சொன்னதும் கிட்டத்தட்ட இதேதான். ஆனா ஒரு வித்தியாசம், உங்க பாட்டி அந்தக் கதைகளைப் பூட்டி வெச்சவங்க இல்ல, உங்களுக்கே எத்தனையோ ராத்திரி சொன்னவங்க, அதனால அது எங்கயும் போயிருக்காது. "கதை சொல்லுங்க"ன்னு வெறும் வாயால கேட்டா யாருக்குமே வராது, எனக்கும் வராது, உங்களுக்கும் வராது. கதை ஞாபகத்துல தலைப்போட அடுக்கி வெச்சிருக்கறது கிடையாது, அது ஒரு காட்சியாவோ ஒரு பாட்டு வரியாவோ ஒரு சிரிப்பாவோ எங்கயோ ஒட்டிக்கிட்டு இருக்கும். அந்த நுனி கிடைச்சா மிச்சம் தானா வரும்.

எங்க பெரியம்மாகிட்ட நானும் இப்படித்தான் மூணு தடவை தோத்துப்போனேன். நாலாவது தடவை போனப்ப அவங்க துணி மடிச்சிக்கிட்டு இருந்தாங்க, நானும் பக்கத்துல உக்காந்து மடிக்க ஆரம்பிச்சு, சும்மா பேச்சுவாக்குல "பெரியம்மா, அந்த ராட்சசனோட உயிர் ஒரு பொட்டிக்குள்ள இருந்துச்சுல்ல"ன்னேன். அது தப்புன்னு எனக்கே தெரியும். "பொட்டியா? எவ சொன்னா உனக்கு? கிளியில இருந்துச்சுடி"ன்னு ஆரம்பிச்சவங்க முக்கால் மணி நேரம் நிறுத்தல. ஏழு கடல், ஏழு மலை, அதுக்கு அந்தாண்ட ஒரு குகை, குகைக்குள்ள ஒரு கூண்டு. ராஜகுமாரன் கிளியைப் புடிச்சு ஒரு சிறகைப் பிய்ச்சதும் அங்க ராட்சசனுக்கு ஒரு கை போச்சு, இன்னொரு சிறகு, இன்னொரு கை. கழுத்தைத் திருகற இடம் வந்தப்ப பெரியம்மா கையில இருந்த துண்டோட முனையைப் புடிச்சு மெதுவா முறுக்கினாங்க, முறுக்கிட்டுச் சட்டுன்னு விட்டாங்க, துண்டு தானா பிரிஞ்சு மடியில விழுந்துச்சு. எனக்கு நாற்பது வயசு தாண்டியாச்சு, அந்த நிமிஷம் உடம்பு சிலிர்த்துச்சு.

அதனால தப்பாச் சொல்லிப் பாருங்க, பெரியவங்களால தப்பான கதையைத் திருத்தாம இருக்கவே முடியாது. இல்லன்னா பாதிக் கதையைச் சொல்லி "அப்புறம் என்ன ஆச்சு, எனக்கு மறந்துபோச்சு"ன்னு நிறுத்துங்க. பொண்ணைப் பக்கத்துல உக்கார வெச்சு அவளையே கேக்கச் சொல்லுங்க, பேத்தியோட பொண்ணு கேட்டா வர்ற கதை நாம கேட்டா வராது. "உங்களுக்கு யாரு கதை சொல்வாங்க, எங்க படுத்துக்கிட்டுக் கேப்பீங்க"ன்னு கேட்டாலும் அந்த இடம் ஞாபகம் வந்து கூடவே கதையும் வரும். போனை முன்னாடி நீட்டாதீங்க. ஓரமா, துணிக்குப் பக்கத்துல, திரை கீழ்ப்பக்கம் இருக்கற மாதிரி வெச்சிடுங்க, ஆனா ரெக்கார்ட் பண்றேன்னு முன்னாடியே சொல்லிடுங்க. தெரியாம எடுக்கறது சரியில்ல, சொன்னாலும் ரெண்டு நிமிஷத்துல அவங்க போனை மறந்துடுவாங்க.

கேள்வி: ரெக்கார்ட் பண்ணினா போதுமா, எழுதியும் வெக்கணுமா? எதையெல்லாம் குறிச்சுக்கணும்?

பதில்: ரெண்டும் வேணும். குரல் போனா திரும்பக் கிடைக்காது, அதனால ரெக்கார்டிங் கட்டாயம். ஆனா பெரியம்மா துண்டை முறுக்கினது என் ஆடியோவுல இல்ல, அங்க நாலு செகண்ட் அமைதிதான் இருக்கு, நான் அன்னிக்கு ராத்திரியே நோட்டுல எழுதி வெக்கலன்னா அந்த அமைதி எதுக்குன்னு என் பிள்ளைங்களுக்குத் தெரியவே போறதில்ல.

எழுதறப்ப அவங்க சொன்ன சொல்லையே எழுதுங்க. "அந்தாண்ட"ன்னா "அந்தாண்ட"தான், அதை "அப்பால்"னு மாத்த வேண்டாம். பாட்டு வர்ற இடம், திரும்பத் திரும்ப வர்ற வரி, குருவி பேசற சத்தம், கதவு தட்டற சத்தம், இதையெல்லாம் எழுத்து மாறாம புடிச்சு வெச்சிடுங்க. கதையோட போக்கு எப்படியும் ஞாபகம் இருக்கும், முதல்ல தொலையறது இந்த மாதிரி வரிங்கதான். ஜெர்மனியில நாட்டுப்புறக் கதைகளைச் சேர்த்து வெளியிட்ட கிரிம் சகோதரர்களுக்கு நிறைய கதை சொன்ன டோரோத்தியா ஃபீமான்ங்கற அம்மா ஒரு தையல்காரரோட மனைவி. அவங்க முதல்ல ஒரு தடவை இயல்பாச் சொல்வாங்களாம், அப்புறம் கேட்டா அதையே நிதானமா, எழுதிக்கற வேகத்துல திரும்பச் சொல்வாங்களாம், ஒரு சொல் மாறிப்போனா அவங்களே நிறுத்தித் திருத்துவாங்களாம். 1815-ல வந்த தங்களோட ரெண்டாவது கதைத் தொகுதியோட முன்னுரையிலயே சகோதரர்கள் இதை எழுதி வெச்சிருக்காங்க. நம்மகிட்ட ரெக்கார்டர் இருக்கறதால ரெண்டாவது தடவை தேவையில்லன்னு தோணும், ஆனா ஒரு வாரம் கழிச்சு அதே கதையை இன்னொரு தடவை கேட்டுப் பாருங்க. எது மாறாம இருக்கோ அதுதான் கதையோட எலும்பு, மாறினது எல்லாம் அன்னன்னிக்கு அவங்க போர்த்தின சட்டை.

எழுதினதை அவங்களுக்கே படிச்சுக் காட்டறதும் நல்ல பழக்கம். 1868-ல தக்காணத்துக் கதைகளை வெளியிட்ட மேரி ஃப்ரியருக்குக் கதை சொன்னவங்க அன்னா லிபரேட்டா டி சூசாங்கற ஆயா, அவங்களுக்கு அந்தக் கதைகளைச் சொன்னது அவங்க பாட்டி. எழுதினதை ஆயாவுக்கே வாசிச்சுக் காட்டிச் சரிபார்த்துக்கிட்டாங்க. அதோட நிக்காம ஆயா தன் வாழ்க்கையைப் பத்திச் சொன்னதையும் புத்தகத்துல சேர்த்தாங்க, அதனாலதான் இன்னிக்கும் அந்தப் பேர் நமக்குத் தெரியுது.

குறிச்சுக்க வேண்டியது ரொம்ப இல்ல. சொன்னவங்க பேர், வயசு, தேதி, அவங்களுக்கு இதை யார் சொன்னாங்க, எப்பச் சொன்னாங்க. ஆடியோ ஆரம்பிக்கறப்பவே உங்க வாயால தேதியும் பேரும் சொல்லிட்டா ஃபைல் பேர் மாறிப்போனாலும் கவலை இல்ல. ஃபேனும் டிவியும் ஆஃப் ஆகட்டும், போனை ஏரோபிளேன் மோடுல போட்டுடுங்க, கிளி கழுத்தைத் திருகற இடத்துல ஒரு கால் வந்தா எல்லாம் போச்சு. அப்புறம் அந்த ஃபைல் ஒரே போன்ல மட்டும் இருக்க வேண்டாம், வேற ரெண்டு இடத்துலயாவது காப்பி போட்டு வெச்சுடுங்க. போன் தண்ணியில விழுந்து தாத்தா சொன்ன பதினோரு கதை போச்சுன்னு ஒருத்தர் எழுதியிருக்கார், அவருக்கு என்ன பதில் சொல்றதுன்னே எனக்குத் தெரியல.

கேள்வி: அதே கிளிக் கதையை எங்க அம்மா ஒரு மாதிரியும் மாமியார் வேற மாதிரியும் சொல்றாங்க, இன்டர்நெட்டுல தேடினா மூணாவதா ஒண்ணு. என் பையனுக்கு எது ஒரிஜினலோ அதைத்தான் சொல்லணும்னு பாக்கறேன். எது சரியானது?

பதில்: மூணும் சரி. இதுல எனக்குச் சந்தேகமே கிடையாது.

நீங்க கேட்ட கதையையே எடுத்துக்குவோம். உயிரை உடம்புக்கு வெளிய ஒளிச்சு வெக்கற கதை நம்மகிட்ட மட்டும் இல்ல. ரஷ்யாவுல கோஷ்சேய்னு சாவே வராத ஒருத்தன், அவன் உயிர் ஒரு ஊசி முனையில இருக்கு, ஊசி முட்டைக்குள்ள, முட்டை வாத்துக்குள்ள, வாத்து முயலுக்குள்ள, முயல் இரும்புப் பெட்டிக்குள்ள, பெட்டி ஒரு ஓக் மரத்தடியில, அந்த மரம் கடல் நடுவுல ஒரு தீவுல. (ஆக நான் பெரியம்மாகிட்ட தப்புன்னு நினைச்சுச் சொன்ன பொட்டி கூட எங்கயோ ஒரு ஊர்ல சரிதான்.) மேல சொன்ன 1868 தொகுப்புல மந்திரவாதியோட உயிர் காட்டு நடுவுல, ஒண்ணுமேல ஒண்ணா அடுக்கின ஆறு தண்ணிக் குடத்துக்கு அடியில, சின்னக் கூண்டுக்குள்ள ஒரு பச்சைக் கிளியில. அதையும் தாண்டிப் போனா எகிப்துல, சுமார் 3200 வருஷத்துக்கு முந்தின ஒரு பாப்பிரஸ் சுருள்ல, அண்ணன் தம்பி கதை ஒண்ணு இருக்கு, அதுல தம்பி தன் இதயத்தை எடுத்து ஒரு மரத்தோட பூவுல வெச்சிடறான், மரத்தை வெட்டினதும் செத்து விழறான். இதுல எது ஒரிஜினல்னு யார் சொல்ல முடியும்?

இதையெல்லாம் ஒழுங்குபடுத்தறதுக்குன்னே ஒரு எண் அட்டவணை இருக்கு. 1910-ல பின்லாந்துக்காரர் ஆன்ட்டி ஆர்னே ஆரம்பிச்சார், அமெரிக்காவுல ஸ்டித் தாம்ஸன் பெருசாக்கினார், 2004-ல ஜெர்மனியைச் சேர்ந்த ஹான்ஸ்-யோர்க் ஊத்தர் திருத்தி எழுதினார். அதுல உங்க கிளிக் கதைக்கு எண் 302, சின்ட்ரெல்லாவுக்கு 510-ஏ. சின்ட்ரெல்லாவுக்கும் அதோட நெருங்கின உறவுக் கதைகளுக்கும் மட்டும் 1893-லயே மேரியன் காக்ஸ்ங்கறவங்க 345 வடிவம் சேர்த்து ஒரு புத்தகம் போட்டாங்க. ஒரு எண்ணுக்குக் கீழ நூத்துக்கணக்குல வடிவம் இருக்குன்னா, மாறிக்கிட்டே போறதுதான் அந்தக் கதையோட இயல்புன்னு புரியுது இல்லையா?

ரஷ்யாவுல அஃபனாசியேவ் 1855-லேருந்து 1863 வரைக்கும் அறுநூறு கதை பக்கம் வெளியிட்டார், அதுல ஒரே கதைக்கு ரெண்டு மூணு வடிவம் இருந்தா ஒண்ணைத் தேர்ந்தெடுத்து மத்ததைத் தூக்கிப் போடாம பக்கத்துலயே அச்சடிச்சார். உங்க நோட்டுலயும் அப்படியே செய்யுங்க, "கிளிக் கதை, அம்மா சொன்னது", "கிளிக் கதை, அத்தை சொன்னது"ன்னு ரெண்டு பக்கம். ரெண்டையும் கலந்து ஒண்ணாத் தைக்காதீங்க, அப்படித் தைச்சா அம்மா குரலும் இருக்காது அத்தை குரலும் இருக்காது. பையனுக்கு ஒரு நாள் இது, ஒரு நாள் அது. அவனே "பாட்டி இப்படிச் சொல்லலையே"ன்னு சண்டைக்கு வருவான், அந்தச் சண்டை ரொம்ப நல்லது.

கேள்வி: வணக்கம் அக்கா. இதை எழுதலாமா வேண்டாமான்னு யோசிச்சு எழுதறேன். நான் ஒரு சித்தி. என் கணவரோட முதல் மனைவி இறந்துட்டாங்க, அவங்க பொண்ணுக்கு ஆறு வயசு, என்னோடதான் தூங்குவா. கதைன்னு எதை எடுத்தாலும் சித்தி கொடுமைக்காரி, சாப்பாடு போட மாட்டா, காட்டுல விட்டுட்டு வரச் சொல்வா. படிச்சுக்கிட்டே போய் அந்த இடம் வந்ததும் எனக்கு வாய் அடைச்சுடுது. அவ என் முகத்தையே பாக்கறா.

பதில்: அம்மா, உங்க கடிதத்தை ரெண்டு மூணு தடவை படிச்சேன். நீங்க எழுதினது நல்லதாப் போச்சு, ஏன்னா உங்களுக்குச் சொல்ல வேண்டிய ஒரு விஷயம் நிறைய பேருக்குத் தெரியாது.

அந்தக் கதைகள்ல இருந்தவங்க எல்லாரும் சித்தி கிடையாது. கிரிம் சகோதரர்கள் 1812-ல முதல்ல வெளியிட்டப்ப ஸ்னோ ஒயிட்டைக் கொல்லச் சொன்னது அவளோட சொந்த அம்மா. ஹான்ஸல், கிரேட்டல் ரெண்டு பேரையும் காட்டுல விட்டுட்டு வரலாம்னு சொன்னதும் சொந்த அம்மாதான். 1819 பதிப்புல ஸ்னோ ஒயிட்டோட அம்மா மாற்றாந்தாய் ஆயிட்டா, 1840 பதிப்புல ஹான்ஸலோட அம்மாவும் மாற்றாந்தாய் ஆயிட்டா. பெத்தவ இப்படிச் செய்வாளான்னு குழந்தைங்க மனசு உடையக் கூடாதுன்னு அம்மாவோட பேரைக் காப்பாத்தினாங்க, பழி முழுக்கச் சித்தி தலையில விழுந்துச்சு. எல்லாக் கதையும் இப்படி மாறினதுன்னு சொல்ல வரல, சின்ட்ரெல்லாவுல ஆரம்பத்துலேருந்தே சித்திதான். ஆனா நீங்க பயந்து பயந்து படிக்கற அந்தச் சொல் ஒரு மனுஷர் மேஜையில உக்காந்து மாத்தின சொல், அதை உங்க வாயால நீங்களும் மாத்தலாம், அதுக்கு உங்களுக்கு முழு உரிமை இருக்கு.

தமிழ்ல இன்னொரு சிக்கலும் இருக்கு பாருங்க, அம்மாவோட தங்கச்சியும் சித்திதான், அப்பாவோட ரெண்டாவது மனைவியும் சித்திதான். குழந்தை உங்களைக் கூப்பிடற அதே சொல்லைக் கதையில வில்லிக்கு வெக்காதீங்க. "அந்த வீட்டுல ஒரு கொடுமைக்காரி இருந்தா"ன்னு சொல்லுங்க, போதும், கதைக்கு ஒரு குறையும் வராது. மந்திரக்காரின்னு வெச்சாலும் சரி. முக்கியமா, கொஞ்ச நாளைக்குப் புத்தகத்தை மூடி வெச்சுட்டு வாயாலயே சொல்லுங்க. படிக்கறப்ப அடுத்த வரி என்னன்னு அச்சு முடிவு பண்ணுது, சொல்றப்ப நீங்க முடிவு பண்றீங்க.

அப்புறம் ஒண்ணு, சீனாவுல 9-ஆம் நூற்றாண்டுல துவான் செங்ஷிங்கறவர் எழுதி வெச்ச சின்ட்ரெல்லா மாதிரிக் கதை ஒண்ணு இருக்கு, முன்னாடி தன்கிட்ட வேலை பார்த்த ஒருத்தர் சொன்னதுன்னு அவர் பேரோட குறிச்சிருக்கார். அதுல யே ஷியென்ங்கற பொண்ணுக்கு உதவி பண்றது ஒரு மீன், மீன் செத்த பிறகு அதோட எலும்பு. அவ வேண்டிக்கிட்டா எலும்பு குடுக்கும். போனவங்க விட்டுட்டுப் போன ஏதோ ஒண்ணு பிள்ளையைப் பாத்துக்குதுங்கறது இந்தக் கதைக் குடும்பத்துல நிறைய இடத்துல வருது, கிரிம் சொன்னதுல அம்மா சமாதியில முளைச்ச மரம். அந்தப் பகுதியை உங்க பொண்ணுக்கு நிதானமாச் சொல்லுங்க. அவ அம்மாவைப் பத்திப் பேசறதுக்கு அது ஒரு வழியாக்கூட இருக்கலாம், அவ பேசினா நீங்க ம் கொட்டுங்க. அவ உங்க முகத்தைப் பாக்கறது சந்தேகத்துல இல்லன்னு நான் நினைக்கறேன், உங்களுக்கு வலிக்குதான்னு பாக்கறா.

கேள்வி: கையை வெட்டினான், கண்ணைக் கொத்துச்சுன்னு வருது. அஞ்சு வயசுக் குழந்தைக்கு இதையெல்லாம் சொல்லலாமா?

பதில்: குழந்தையைப் பாத்துச் சொல்லுங்க. கிரிம் சகோதரர்கள் 1812-ல முதல் புத்தகம் போட்டதுமே இந்தக் கேள்வி வந்துச்சு, இது குழந்தைங்களுக்கு ஏத்ததில்லன்னு அப்பவே ஆட்சேபிச்சாங்க, குழந்தைங்க கசாப்பு விளையாட்டு விளையாடற ஒரு கதையை அடுத்த பதிப்புலேருந்து எடுத்தே விட்டாங்க. 1825-ல ஐம்பது கதையை மட்டும் பொறுக்கி, படம் போட்டு, குழந்தைங்களுக்குன்னு ஒரு சின்னப் பதிப்பு தனியாக் கொண்டுவந்தாங்க. சேர்க்கறது ஒரு வேலை, அதுலேருந்து பொறுக்கிக் குடுக்கறது இன்னொரு வேலைன்னு அவங்களுக்கே புரிஞ்சிருக்கு.

என் அபிப்பிராயம், பயத்தை முழுசா எடுத்துடாதீங்க. ராட்சசன் சும்மா நல்லவனா மாறிட்டான்னு முடிச்சா குழந்தைக்கே நம்பிக்கை வராது. ஆனா ரத்தத்தை விவரிக்க வேண்டியதும் இல்ல, வாய்மொழிக் கதை எப்பவுமே அதை ஒரே வரியில தாண்டிப் போயிடும், கவனிச்சிருக்கீங்களா? "ஒரே வெட்டு, தலை உருண்டுச்சு, அப்புறம் இவன் நடந்தான் நடந்தான்" அவ்வளவுதான். அதை விரிச்சுக் காட்டறது படமும் சினிமாவும்தான். குழந்தை உங்க மடியில இருக்கு, உடம்பு விறைச்சா உங்களுக்கே தெரியும், அங்க நிறுத்தி "அவன் தப்பிச்சுடுவான் பாரு"ன்னு சொல்லிட்டுத் தொடருங்க. ராத்திரித் தூக்கத்துக்கு முன்னாடி மட்டும் பேய்க் கதை வேண்டாம்.

கேள்வி: நாங்க சேர்த்த கதைகள்ல சிலது, கறுப்பா இருந்தா அரக்கி, வெளுப்பா இருந்தா ராஜகுமாரி, ஒரு குறிப்பிட்ட சாதிக்காரன்னா முட்டாள்னு போகுது. நோட்டுலேருந்தே அடிச்சுடலாமா?

பதில்: அடிக்காதீங்க. நோட்டுல இருக்கறது சொன்னவங்களோடது, அவங்க சொன்னபடியே இருக்கட்டும், நம்ம வீட்டுல என்னெல்லாம் பேசினாங்கன்னு பின்னாடி வர்றவங்களுக்குத் தெரியணும். வாயில வர்றது உங்களோடது, அதுல அந்த வார்த்தை வர வேண்டிய அவசியமே இல்ல. ராஜகுமாரி கறுப்பா இருக்கட்டும், முட்டாள் வெறும் முட்டாளாவே இருக்கட்டும், சிரிப்பு கொஞ்சமும் குறையாது. சில கதைக்கு அந்த இழிவைத் தவிர உள்ள வேற எதுவுமே இருக்காது, அதைக் குழந்தைக்குச் சொல்லாதீங்க, நோட்டோட நிக்கட்டும்.

கேள்வி: அசிங்கமான வாத்துக்குஞ்சு, குட்டிக் கடல்கன்னி எல்லாம் நாட்டுப்புறக் கதைதானே? எங்க தொகுப்புல சேர்த்துக்கலாமா?

பதில்: ரெண்டுமே ஹான்ஸ் கிறிஸ்டியன் ஆண்டர்சன் எழுதினது, கடல்கன்னி 1837, வாத்துக்குஞ்சு 1843. 1835-ல வந்த அவரோட முதல் சிறு புத்தகத்துல சின்ன வயசுல கேட்ட கதைகளைத் திருப்பிச் சொன்னதும் உண்டு, ஆனா இந்த ரெண்டும் அவர் மனசுலேருந்து வந்தது. குழந்தைங்களுக்குத் தாராளமாச் சொல்லுங்க, "இதை எழுதினவர் ஆண்டர்சன்"னு பேரோட சொல்லுங்க. இன்னிக்கு இருக்கற எழுத்தாளர்களுக்கும் இதே கணக்குதான், ஒரு பழைய கதை யாருக்கும் சொந்தம் கிடையாது, ஆனா அதை ஒருத்தர் தன் நடையில எழுதியிருந்தா அந்த எழுத்து அவருக்குச் சொந்தம், அதை அப்படியே எடுத்து உங்க தொகுப்புல போடக் கூடாது.

கேள்வி: எனக்குத் தாத்தா பாட்டி யாரும் கிடையாது, அம்மாவும் கதை சொன்னதில்ல. நான் எங்கேருந்து சேர்க்கறது?

பதில்: வாயிலேருந்து நேரா எழுதின தொகுப்புகளைப் படிங்க. தமிழ்ல கி.ராஜநாராயணன் தொகுத்ததுல சொன்னவங்க பேச்சோட வாசனை போகாம இருக்கும், அதுல சிலது பெரியவங்களுக்கானது, அதனால முதல்ல நீங்க தனியாப் படிச்சுடுங்க. பிடிச்ச கதை ஒண்ணை மூணு தடவை சத்தமாப் படிச்சுட்டு, மூடி வெச்சுட்டு, சொல்லிப் பாருங்க. மறந்த இடத்துல நீங்களா ஒண்ணு போடுவீங்க பாருங்க, அந்த இடத்துல அது உங்க கதையாயிடும். அக்கம்பக்கத்துல இருக்கற பெரியவங்களையும் கேளுங்க, சொந்தப் பேரப்பிள்ளைங்க தூரத்துல இருக்கறவங்க ஆசையாச் சொல்வாங்க, கேட்க ஆள் வரலங்கறதுதான் அவங்க குறை.

கேள்வி: என் நாலு வயசுப் பொண்ணு பேர் மறந்துபோன ஈ கதையை மட்டும் தினமும் கேக்கறா. ஐம்பது புதுக் கதை சேர்த்து வெச்சிருக்கேன், ஒண்ணையும் கேக்க மாட்டேங்கறா.

பதில்: கேக்கட்டும், உங்க ஐம்பதும் எங்கயும் போகாது. அந்த ஈ கதை எவ்வளவு அருமையான கட்டுமானம் பாருங்க, "கொழு கொழு கன்னே, கன்னோட தாயே, தாயை மேய்க்கற ஆயா, ஆயன் கைக் கோலே"ன்னு ஒவ்வொரு தடவையும் ஒண்ணு கூடிக்கிட்டே போகும், குழந்தை முதல் நாள் கேட்கும், மூணாவது நாள் கடைசிச் சொல்லை நம்மளோட சேர்ந்து சொல்லும், பத்தாவது நாள் நாம ஒண்ணை விட்டா கண்டுபிடிச்சிடும். கடைசியில குதிரை கனைக்கறப்ப ஈக்குத் தன் பேர் கிடைக்குது. எல்லா மொழியிலயும் இந்தச் சங்கிலிக் கதைங்க இருக்கு, முதல்ல சொன்ன எண் அட்டவணையில இதுக்குன்னே ரெண்டாயிரத்துலேருந்து ஒரு வரிசை ஒதுக்கியிருக்காங்க. உங்க வீட்டு வரிசையில கோலுக்கு அப்புறம் கொடி வருதா மரம் வருதா, குளத்துக்கு அப்புறம் யார் வர்றா, அதை நோட்டுல எழுதுங்க, வீட்டுக்கு வீடு மாறும். அவ சொல்றதையும் ஒரு நாள் ரெக்கார்ட் பண்ணி வெச்சுக்குங்க. நடுவுல அவளா ஒரு மிருகத்தைச் சேர்த்திருந்தா திருத்த வேண்டாம், பேரும் தேதியும் போட்டு அதையும் ஒரு வடிவமா எழுதுங்க.

கேள்வி: ஆன்ட்டி, நான் அஞ்சாவது படிக்கறேன். எங்க தாத்தா எப்பவும் ஒரே ஒரு கதைதான் சொல்வார், காக்கா நரி கதை, அது எல்லாருக்கும் தெரியும். நானும் கதை சேர்க்கலாமா?

பதில்: கண்டிப்பாச் சேர்க்கலாம் தம்பி. காக்கா நரி கதை எல்லாருக்கும் தெரியும், ஆனா உங்க தாத்தா சொல்ற காக்கா நரி கதை உனக்கு மட்டும்தான் தெரியும். காக்கா வாயில என்ன இருந்துச்சுங்கறது ஊருக்கு ஊர் மாறும், நரி என்ன சொல்லி அதைப் பாட வெச்சுதுங்கறதும் மாறும். ஒரு புது நோட்டு எடுத்துக்கோ. நாளைக்குத் தாத்தா சொல்றப்ப நரி பேசற வரியை மட்டும் ஒரு எழுத்து விடாம எழுது, அவர் குரலை எப்படி மாத்தறார், எங்க நிறுத்திட்டு உன்னைப் பாக்கறார்னும் எழுது. முடிஞ்சதும் "உங்களுக்கு யார் தாத்தா சொன்னாங்க"ன்னு கேளு. அவர் சொல்ற பேரையும் எழுதிக்கிட்டு, அந்தப் பக்கத்தை எனக்கு அனுப்பு, தாத்தா பேரை மேல எழுத மறந்துடாத.